மறைத்து உருட்டும் மணி

ருத்ராட்சத்தைக் கழுத்தில் போட்டிருப்பவர்களில் பலர் அதன் பழத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பழம் நல்ல நீலம். மயில்கழுத்து நிறத்தில் பளபளக்கும். மழை ஓய்ந்த ஈரத்தரையில் உதிர்ந்து கிடக்கும்போது தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தத் தோலைச் சுரண்டி அம்மியில் வைத்து அரைத்தால் நீலச் சாயம் ஒரு சொட்டு வராது. நாவல்பழம் நாக்கைக் கறையாக்குமே, அந்த மாதிரிச் சாயம் இதில் கிடையாது. தோலின் செல்களில் மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியில் நீலம்தான் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. டேவிட் லீ என்ற தாவரவியலாளர் 1991-இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கி எழுதினார். மற்ற ஒளி உள்ளே போய்விடுவதால், பழுத்த பிறகும் அந்தத் தோல் இலையைப் போலக் கொஞ்சம் உணவு தயாரிக்கக்கூடும் என்பது அவர் கருத்து.

இவ்வளவு அழகான நீலத்தைப் பூசைக்கு யாரும் எடுத்துக்கொள்வதில்லை. உரித்து எறிந்துவிடுகிறார்கள். தோல் போய், புளிப்பான பச்சைச் சதை போய், உள்ளே முள்முள்ளாக இருக்கும் கொட்டை ஒன்றுதான் நமக்கு வருகிறது.

மரம் ஒரே ஊருக்குச் சொந்தமானது அன்று. இமய அடிவாரத்தில் தொடங்கி மலேசியா, இந்தோனேசியா, நியூகினி வழியாக ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் காடுகள் வரை அது பரவியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதன் பழத்தைக் காசோவரி என்ற பெரிய பறவை முழுசாக விழுங்கிக் காடெங்கும் விதைக்கிறது. அந்தப் பறவைக்கு இது ஐந்து முகமா ஆறு முகமா என்ற கவலை இல்லை. மரத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. உதிரப்போகும் இலை மஞ்சளாகப் பழுக்காமல் நல்ல சிவப்பாக மாறும். பச்சைக் கிளைக்கு நடுவே அங்கங்கே ஒரு சிவப்பு இலை தெரிந்தால் அந்தக் குடும்பத்து மரமாக இருக்கலாம் என்று தாவரவியல் மாணவர்கள் தலை நிமிர்த்திப் பார்ப்பார்கள்.

நமக்கு வரும் கொட்டைகளுக்குத் தாய்வீடு இரண்டு. ஒன்று கிழக்கு நேபாளம். திபெத்திலிருந்து இமயத்தை அறுத்துக்கொண்டு இறங்கும் அருண் ஆற்றின் இரு கரையிலும் உள்ள போஜ்பூர், சங்குவாசபா மாவட்டங்களில் விளைவது பெருங்கொட்டை. நெல்லிக்காய் அளவுக்குக்கூட வரும், வரிகள் ஆழமாக இருக்கும். மற்றொன்று சாவகம், அதாவது ஜாவா. அங்கே விளைவது சிறுகொட்டை. பட்டாணி, மிளகு அளவில் எல்லாம் கிடைக்கும். அங்கே இதன் பெயர் கனித்ரி. 17-ஆம் நூற்றாண்டில் அம்போன் தீவில் இருந்துகொண்டு, கண்பார்வை போன பிறகும் விடாமல் தாவரங்களைப் பற்றி எழுதிய ரும்ஃபியுஸ் இந்தப் பெயரில்தான் மரத்தைப் பதிவு செய்தார். பின்னால் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ராக்ஸ்பர்க் அதே பெயரை அறிவியல் பெயரிலும் சேர்த்தார். சிவனடியார் கழுத்தில் கிடக்கும் மணி தாவரவியல் ஏட்டில் சாவகப் பெயரோடு ஏறியது.

பறித்த பழத்தை என்ன செய்கிறார்கள் என்பது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தொட்டியில் தண்ணீர் விட்டுப் பல நாள் ஊறப்போடுவார்கள். அவசரத்துக்குக் கொதிக்க வைப்பதும் உண்டு. சதை அழுகி இளகியதும் கையாலும் காலாலும் தேய்த்துக் கழுவுவார்கள். அப்போது வரும் வாடை பக்திக்கு உகந்ததாக இராது. வரிகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் நாரைக் கம்பித் தூரிகையாலோ பல்துலக்கும் பிரஷாலோ ஒவ்வொன்றாகக் குடைந்து எடுக்க வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, சல்லடையில் அளவு பிரித்து, துளை போட்டு, எண்ணெய் தடவி, மூட்டை கட்டுகிறார்கள். கொட்டைக்கு நடுவில் காம்புப் பக்கத்திலிருந்து நுனிவரை இயல்பாகவே ஒரு தளர்வான தடம் ஓடுவதால் ஊசி அந்த வழியே எளிதாக இறங்கும். தானே துளையோடு பிறக்கும் மணி என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான்.

நேபாள மலையில் இன்று இந்தக் கொட்டையை முதலில் எதிர்பார்த்து நிற்பவர்கள் காசியிலிருந்து வருபவர்கள்தான் என்று நினைத்தால் அது பழைய கதை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சீன வியாபாரிகள் வந்துவிட்டார்கள். அங்கே பௌத்த செபமாலைக்கும் இது உதவும். கையில் வைத்து உருட்டி உருட்டி நாளாக ஆக நிறம் ஏற்றிப் பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருப்பவர்களும் ஏராளம். காய் பிஞ்சாக இருக்கும்போதே மரத்தோடு குத்தகை பேசிவிடுகிறார்கள். நம் ஊரில் மாந்தோப்பைப் பூவிலேயே விலை பேசுகிற வழக்கம்தான்.

முகம் என்று நாம் சொல்வது கொட்டையின் மேலிருந்து கீழாக ஓடும் வரி. உள்ளே எத்தனை அறையோ வெளியே அத்தனை வரி. பூவின் சூலகம் எத்தனை பாகமாகப் பிரிந்ததோ அதுதான் கணக்கு. இந்த மரத்தில் அது பெரும்பாலும் ஐந்து. அதனால் ஐந்து முகம் மலிவு. நாலும் ஆறும் ஓரளவு கிடைக்கும். அதற்கு மேலும் கீழும் போகப்போக அரிது, அரிதாக ஆக ஆக விலை ஏறும், விலை ஏற ஏறக் கதையும் ஏறும். ஒரு முகம் வைத்திருந்தால் அரசாளலாம் என்பதிலிருந்து, இன்ன முகம் இன்ன கிரகத்துக்கு என்பது வரை. இந்தக் கிரகப் பட்டியலைச் சைவ ஆகமம் படித்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதை நான் பார்த்ததில்லை. கடைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

காசு இருக்கும் இடத்தில் கள்ளமும் வரும். ஐந்து முகத்தில் நுண்ணிய அரத்தால் கூடுதல் வரி கீறுவது, இரண்டு கொட்டையை ஒட்டி, இரட்டையாகவே விளைந்த கௌரிசங்கர் என்பது, இலந்தைக் கொட்டையைக் கோத்து விற்பது, மரத்தூளை அச்சில் வார்ப்பது என்று பலவிதம். தண்ணீரில் மூழ்கினால் அசல், மிதந்தால் போலி என்று ஒரு சோதனை சொல்வார்கள். அசலே நன்றாகக் காய்ந்தால் மிதக்கும். போலியில் ஈயம் வைத்தால் மூழ்கும். இரண்டு செப்புக் காசுக்கு நடுவில் வைத்தால் சுழலும் என்பது இன்னொன்று. மேடுபள்ளமான எந்த உருண்டையை வைத்து அழுத்தினாலும் அது கொஞ்சம் திரும்பத்தான் செய்யும். நம்பகமான வழி எக்ஸ்-ரே எடுத்து உள்ளே எத்தனை அறை என்று எண்ணுவது. தவம் செய்ய வாங்கும் பொருளுக்கு மருத்துவமனைப் படம் எடுக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம்.

தென்னிந்தியாவில் வேறொரு குழப்பமும் உண்டு. சாலையோரங்களில் நிழலுக்காக நட்ட, அமெரிக்காவிலிருந்து வந்த குவாசுமா மரத்தின் காய் கறுப்பாக, முண்டும் முடிச்சுமாக இருப்பதைப் பார்த்து, இதுதான் ருத்ராட்ச மரம் என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். உண்மையான மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போகலாம். 1874-இல் உண்டான பூங்கா அது. மேற்குமலைக் காடுகளிலும் இதே குடும்பத்து மரங்கள் உண்டு. ஆனால் அவற்றின் கொட்டை மாலைக்கு அவ்வளவாக ஒத்துவராது.

கும்பகோணத்தில் மாலை கட்டிக் கொடுக்கும் ஒரு பெரியவரின் திண்ணையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். முன்னால் முறத்தில் சாவகக் கொட்டை குவிந்திருந்தது. ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, வெடித்தது, பூச்சி அரித்தது, முனை உடைந்தது எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளினார். நல்லதில் காம்புப் பக்கம் எது, நுனிப் பக்கம் எது என்று பிரித்து வைத்தார். முகத்தோடு முகமும் அடியோடு அடியும் பொருந்தும்படிதான் கோக்க வேண்டும் என்பது மரபு. ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முடிச்சு. முடிச்சு இல்லாவிட்டால் மணியோடு மணி உரசித் தேய்வது ஒருபுறம், விரல் ஒன்றைத் தள்ளும்போது இரண்டு சேர்ந்து வந்துவிடும். 108 கோத்து முடித்ததும் இரண்டு நுனி நூலையும் சேர்த்து மேலே சற்றுப் பெரிய மணி ஒன்றை நிறுத்தினார். அதுதான் மேரு. நாயகமணி என்றும் சொல்வார்கள்.

வாங்க வந்த பெண் ஐ.டி. வேலை பார்ப்பவர் போலத் தெரிந்தது. "ஐயா, இது எத்தனை முகம்?" என்று கேட்டார்.

"அஞ்சு முகந்தாம்மா. உருட்டறப்போ துணிக்குள்ள இருக்கப்போவுது. முகத்தை யாரு பாக்கப்போறா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். பெரியவர் விளையாட்டாகச் சொன்னாலும், இந்தக் கொட்டையின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் அந்தத் துணிக்குள்தான் நடக்கிறது. அதுவரை அதைக் கண்ணால் பார்த்து விலை போட்டார்கள்: எத்தனை முகம், என்ன அளவு, என்ன நிறம் என்று. செபத்துக்கு உட்கார்ந்ததும் அந்தக் கணக்கெல்லாம் தள்ளுபடி. வலது கையும் மாலையும் மேல்துண்டுக்குள் போய்விடும். கண் மூடியிருக்கும். நடுவிரல்மேல் மணியை வைத்துப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். சுட்டுவிரல் படக்கூடாது. மேருவைத் தொட்டதும் தாண்டிப் போகாமல் மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக வேண்டும்.

இந்த விதிகளைச் சடங்கு என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம். பேச்சிலே நாம் ஓயாமல் பயன்படுத்தும் விரல் சுட்டுவிரல். அதை விலக்கினால் கை இயல்பாகச் செய்யும் வேலையைச் செய்ய முடியாமல் கொஞ்சம் விழித்திருக்கிறது. படிகமணி வழுக்கும். துளசிமணி கனமே தெரியாது. ருத்ராட்சத்தின் முள்ளோ விரல்நுனியில் உறுத்திக்கொண்டே இருக்கும். மனம் எங்கோ அலைந்து மளிகைக் கடைப் பாக்கியில் போய் நிற்கும்போது விரல் ஒரு மணியில் இடறும், 'சிவாய' என்ற இடத்துக்குத் திரும்பி வருவோம். மேரு இருட்டிலும் ஒரு சுற்று முடிந்தது என்று சொல்லிவிடும், எண்ண வேண்டியதில்லை. எண்ணும் வேலையை மனத்திடமிருந்து வாங்கி விரலிடம் கொடுப்பதற்குத்தான் மாலை. செபத்துக்குச் சிறு சாவகக் கொட்டையைத் தேடுவதும், பெரிய நேபாளக் கொட்டையை அணிவதற்கு ஒதுக்குவதும் இதனால்தான். பெரிய கொட்டையில் ஒரு சுற்று வருவதற்குள் கை வலித்துவிடும்.

அணிவதற்கும் கணக்கு உண்டு. கழுத்தில் 32, மணிக்கட்டில் 12, மார்பில் 108 என்று நூல்கள் சொல்லும். 19-ஆம் நூற்றாண்டில் தமிழ் வீடுகளுக்கு இதையெல்லாம் பாமரரும் படிக்கும் உரைநடையில் கொண்டுவந்து சேர்த்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). அவருடைய சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்தில் விபூதிக்கு ஓர் இயல் இருப்பதுபோல் உருத்திராக்கத்துக்கும் தனி இயல் உண்டு. கேள்வியும் பதிலுமாகப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய எழுதியது. எப்போது போட வேண்டும், எப்போது கழற்ற வேண்டும், செபமாலைக்கு எத்தனை மணி என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவார். ஆதீனங்களில் இன்றும் சந்நிதானங்கள் தலையிலும் காதிலும் கழுத்திலும் அதை அணிந்து கொலுவிருக்கிறார்கள். பல சிவாலயங்களில் மூலவருக்கு மேலேயே ருத்ராட்சப் பந்தல் போட்டிருக்கிறார்கள்.

இப்படி ஊரறியப் போட்டுக்கொள்வதில் உள்ள ஆபத்தைத் தமிழன் நன்றாகவே அறிவான். இல்லாவிட்டால் 'ருத்ராட்சப் பூனை' என்று ஒரு வசவு பிறந்திருக்காது. தவம் செய்வதாக வேடம் போட்டு எலிகளை நம்ப வைத்துத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்து உத்தியோக பருவத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், தவம் செய்யும் முனிவருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பூனையும் முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறது, காலடியில் எலிகள். பல்லவச் சிற்பி 7-ஆம் நூற்றாண்டிலேயே அந்த நகைச்சுவையைக் கல்லில் வைத்துவிட்டான். தவத்தையும் தவ வேடத்தையும் ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் செதுக்கத் தயங்கவில்லை. புறப்பூசையை வெளுத்து வாங்கிய சிவவாக்கியர் போன்ற சித்தர்கள் வருவதற்கு வழி அப்போதே போட்டாகிவிட்டது.

செபம் மூன்று வகை. பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி சொல்வது வாசகம். உதடு மட்டும் அசைய, தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது உபாஞ்சு. நாவும் அசையாமல் மனத்துக்குள் சொல்வது மானதம். மனு நூல் இதற்கு ஒரு தரவரிசையே போடுகிறது: சாதாரணச் செபம் வேள்வியைவிடப் பத்து மடங்கு உயர்ந்தது, உபாஞ்சு நூறு மடங்கு, மானதம் ஆயிரம் மடங்கு. மடங்குக் கணக்கை விட்டுவிடுவோம். எந்தப் பக்கமாகப் போகிறது என்று மட்டும் பார்த்தால், ஓசை வாயிலிருந்து உதட்டுக்கும் உதட்டிலிருந்து உள்ளுக்கும் இறங்குகிறது. பழத்தின் நீலத்தை உரித்து எறிந்ததிலிருந்து நடப்பதும் இதுதான்.

தமிழ்நாட்டுச் சிவாசாரியார்களுக்கு இந்த உள்நோக்கிய பாதையை முறைப்படுத்தி எழுதி வைத்தவர்களில் ஒருவர் அகோர சிவாசாரியார். 12-ஆம் நூற்றாண்டில் சிதம்பரத்தில் இருந்தவர். அவருடைய கிரியாக்கிரமத்யோதிகை இன்றும் பூசைக்குக் கைநூல். தீட்சை பெற்றவர் வீட்டில் தினமும் செய்யும் ஆன்மார்த்த பூசையானாலும் சரி, முதலில் லிங்கத்தைத் தொட முடியாது. மூச்சை ஒழுங்கு செய்து, உடம்பின் ஐந்து பூதங்களையும் பாவனையால் சுத்தி செய்து, கையிலும் உறுப்புகளிலும் மந்திரத்தைப் பதித்து, அதற்குப் பிறகு அகப்பூசை. அந்தர்யாகம் என்பது அதுதான். இதயம் பூசை செய்யும் இடம், உந்தி வேள்வி வளர்க்கும் இடம், புருவநடு தியானிக்கும் இடம். கோயிலில் சந்நிதியும் யாகசாலையும் இருப்பதெல்லாம் ஒரு சாண் இரு சாண் தூரத்தில் உடம்புக்குள்ளேயே அமைந்துவிடுகின்றன. போடும் பூவும் நந்தவனத்துப் பூவாக இருக்காது. கொல்லாமை, ஐம்பொறி அடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்று எட்டு. இந்தப் பூசை முடிந்து, உள்ளே எழுந்தருளியவரைத்தான் வெளியே உள்ள திருமேனியில் ஆவாகனம் செய்வது.

ஆக, வெளியே நாம் பார்க்கும் அபிடேகமும் தீபமும் உள்ளே நடந்து முடிந்ததன் தொடர்ச்சி. அகப்பூசை முந்தியது, புறப்பூசை பிந்தியது. பக்தி என்றால் வெளிச்சடங்கு, தியானம் என்றால் யோகிகள் சொத்து என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் பழக்கம் இப்போது யோகா வகுப்புகளில் அதிகம் கேட்கிறது. கைநூலைத் திறந்து பார்த்தால் அப்படி ஒரு கோடு இல்லை. மூச்சுப் பயிற்சி, தாரணை, தியானம் எல்லாமே காலைப் பூசையின் முதல் அரைப் பகுதியில் வந்துவிடுகின்றன. திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள் கோயில் கட்டியதைத் தனி அதிசயமாகப் பெரியபுராணம் சொன்னாலும், ஆகம வழியில் பூசை செய்பவர் ஒவ்வொருவரும் தினமும் ஒரு சிறு கோயிலை உள்ளே கட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறார்.

இதே வரிசையை வேறு ஒரு நாட்டில், வேறு உச்சரிப்பில், சாவகக் கொட்டையையே அணிந்துகொண்டு செய்பவர்கள் உண்டு. பாலித் தீவின் சிவப் பிராமணப் பூசகர்கள், பெதண்டா என்பது அவர்கள் பெயர். விடியற்காலையில் சூர்ய சேவனம் செய்ய உட்காரும்போது கழுத்திலும் கையிலும் கனித்ரி மணி, தலையில் உயர்ந்த சிவப்பு முடி. மணியடித்து, முத்திரை பிடித்து, மூச்சை நிறுத்தி, சிவனைத் தம் உடம்புக்குள் வருவிக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அவரே சிவன். அவர் உண்டாக்கும் தீர்த்தத்தைத்தான் ஊர் மக்கள் தங்கள் சடங்குகளுக்கு வாங்கிப் போகிறார்கள். கோயிலுக்குப் போய்ச் செய்ய வேண்டும் என்றில்லை, தம் வீட்டு வளாகத்துப் பூசைப் பந்தலில் உட்கார்ந்தே செய்வார். ஹோய்காஸ் என்ற டச்சு அறிஞர் 1966-இல் இந்தச் சேவனத்தின் மந்திரங்களையும் செய்முறையையும் ஒரு நூலாகவே கொண்டுவந்தார். ஐம்பூதங்களைச் சுத்தி செய்யும் பூதசுத்தியும், உறுப்புகளில் மந்திரத்தைப் பதிக்கும் நியாசமும் படிக்கும்போது சிதம்பரத்துக் கைநூலைப் புரட்டுகிற நினைவு வரும். நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருப்பது கைநூலின் வரிசையும், ஒரு மரத்துக் கொட்டையும்.

மானத செபத்துக்கு அப்பாலும் யோக நூல்கள் ஒரு படி சொல்கின்றன. அசபை. யாரும் செபிக்காமலே நடக்கும் செபம். மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதுமே மந்திரம். நாம் செய்ய வேண்டியது அதைக் கவனிப்பது மட்டும். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது அவர்கள் கணக்கு. நிமிடத்துக்கு 15 என்று வைத்துப் பெருக்கினால் சரியாக வரும். 108 மணி மாலையில் அது 200 சுற்று. உட்கார்ந்து உருட்டித் தீராத எண்ணிக்கை, தூங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே வந்த பிறகு கொட்டைக்கு வேலை இல்லை. விரலின் உறுத்தல் செய்த காரியத்தை மூக்கு நுனியில் படும் காற்று செய்துவிடுகிறது.

அசபையைத் தத்துவமாக மட்டும் வைத்திருக்கத் தமிழ்நாட்டுக்கு மனம் வரவில்லை, நடனமாக்கிவிட்டது. திருவாரூர்த் தியாகேசரின் நடனம் அசபா நடனம். திருமால் தம் மார்பில் வைத்துப் பூசித்தாராம். அவர் மூச்சு ஏறி இறங்க, மார்பில் இருந்த மூர்த்தியும் ஏறி இறங்கினார், அதுவே ஆட்டம். சப்தவிடங்கத் தலங்கள் ஏழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடனம் இருக்க, ஆரூருக்கு வாய்த்தது மூச்சு நடனம். தியாகேசரின் உடம்பு முழுவதையும் மூடி அலங்கரித்திருப்பார்கள். முகம்தான் தெரியும். பாதம் பார்க்க ஆண்டில் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். தேரில் வீதிக்கு வந்து ஊரே திரண்டு பார்க்கும் சாமிதான், ஆனாலும் உள்ளே இருப்பதைக் காட்டுவதில்லை. அது ஆரூர்க்காரர்களுக்குக் குறையாகத் தெரிந்ததில்லை.

கொட்டை பிறந்த கதையும் தியானத்தை ஒட்டியதுதான். ருத்ராட்ச சாபால உபநிடதத்தில், முப்புரம் எரிப்பதற்காகக் கண்ணை மூடியிருந்த உருத்திரன் கண்ணிலிருந்து விழுந்த நீர்த்துளிகள் மரமானதாகச் சொல்லப்படுகிறது. புராணங்களில் இதே கதை பல விதமாக வரும்.

மரம் மீண்டும் நடப்பட்ட ஒரு புது இடத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. கொழும்புத்துறையில் ஒரு குடிசையில் இருந்த யோகசுவாமியிடம் 1949-இல் ஓர் அமெரிக்க இளைஞர் தீட்சை பெற்றார். சுப்பிரமுனிய என்ற பெயரோடு திரும்பிப் போன அவர், 1970-இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் சைவ மடம் ஒன்றை நிறுவினார். அங்கே உள்ள இறைவன் கோயிலுக்குக் கணபதி ஸ்தபதி வரைபடம் போட, பெங்களூரு அருகே தமிழ்ச் சிற்பிகள் உளியால் கல்லைச் செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். 2023-இல் குடமுழுக்கு ஆனது. அதற்கு வெகு முன்பே, 1984-இல், மடத்தின் நிலத்தில் ருத்ராட்சத் தோப்பு ஒன்றை வைத்துவிட்டார்கள். கோலிக்குண்டு போல உதிரும் பழத்தைப் பார்த்து ஹவாய்க்காரர்கள் இந்த மரத்துக்கு நீலக் கோலிமரம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இமயமும் இல்லை, சாவகமும் இல்லை. ஆனாலும் மழையும் எரிமலை மண்ணும் அதற்குப் பிடித்துப்போனது.

இதைக் கேள்விப்பட்டு இங்கே தங்கள் வீட்டுத் தோட்டத்திலும் ஒன்று வைக்க நினைப்பவர்கள், போட்டிருக்கும் மாலையிலிருந்து ஒரு கொட்டையைக் கழற்றி மண்ணில் ஊன்றிவிட்டு எதிர்பார்ப்பது உண்டு. துளை போட்டது முளைக்காது. துளை போடாத புதுக் கொட்டையிலும் ஐந்து அறை இருந்தால் ஒன்றிரண்டில்தான் பருப்பு இருக்கும். ஓடு கடினம் என்பதால் முளைக்க மாதக்கணக்கில் ஆகும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. அதனால் நாற்றங்கால்காரர்கள் பலர் விதையை நம்பாமல் கிளையில் பதியம் போட்டே கன்று எடுக்கிறார்கள். வாங்கும்போது பதியக் கன்றா, விதைக் கன்றா என்று கேட்டு வாங்க வேண்டும். சமவெளியின் சித்திரை வெயிலில் முதல் சில ஆண்டுகளுக்கு நிழலும் விடாத ஈரமும் கொடுக்க முடியாதவர்கள், அந்தக் காசுக்குக் கும்பகோணத்துப் பெரியவரிடம் ஒரு மாலை கட்டி வாங்கிக்கொள்வது மேல்.